கிரேட் ஆக்: எஞ்சிய தோல்களும் முட்டைகளும் எலும்புகளும் எதற்குச் சாட்சி?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: கிரேட் ஆக் பறவையின் கடைசி இணை 1844இல் ஐஸ்லாந்துக்கு அருகே கொல்லப்பட்டது என்கிறார்கள், அந்த இரண்டு பறவைகளும் இப்போது எங்கே இருக்கின்றன, உலகம் முழுவதும் எண்பதுக்கும் குறைவான பாடம் செய்யப்பட்ட உடல்களே எஞ்சியிருக்கும்போது அந்த இனத்தைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேச முடியும், 1844 என்பதுதான் உண்மையில் கடைசி ஆண்டா? முதல் பகுதிக்குச் சுருக்கமான விடை உண்டு. இரு பறவைகளின் உள்ளுறுப்புகளும் கோபன்ஹேகனில் குடுவைகளில் இருக்கின்றன. ஆண் பறவையின் தோல் பிரஸ்ஸல்ஸில் இருப்பது 2017இல் மரபணு ஒப்பீட்டின் மூலம் தெரியவந்தது. பெண் பறவையின் கதை இன்னும் சிக்கலானது. மற்ற இரண்டு பகுதிகளுக்கும் விடை சொல்ல, எஞ்சியிருக்கும் பொருள்கள் எங்கிருந்து, யாருடைய கைகள் வழியாக வந்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதைவிட, கிடைத்தவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதே பெரிய சிக்கல் என்பது என் கருத்து.

பறவையை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். பிங்குவினஸ் இம்பென்னிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இது, வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த, பறக்க இயலாத கடற்பறவை. ஏறத்தாழ 80 செ.மீ. உயரமும் 5 கிலோ எடையும் கொண்டது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு முன்னால் ஒரு வெண்திட்டு, பள்ளங்கள் ஓடிய கனத்த அலகு. தரையில் தத்தித் தத்தி நடந்தாலும் நீருக்கடியில் குறுகிய இறக்கைகளால் துழாவி விரைவாக நீந்தியது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் கூடு கட்டாமல் வெறும் பாறையின் மேல். பறக்க முடியாததால், கடலிலிருந்து நடந்தே ஏறக்கூடிய சரிவும், நிலத்து வேட்டை விலங்குகள் இல்லாத தனிமையும் கொண்ட மிகச் சில தீவுகளில்தான் இனப்பெருக்கம் செய்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை எல்லாம் எளிதில் விளங்கும்.

எஞ்சியிருப்பவை: பாடம் செய்யப்பட்ட தோல்கள் ஏறத்தாழ 78, முட்டைகள் ஏறத்தாழ 75, முழு எலும்புக்கூடுகள் இருபத்து நான்கு, அவற்றுடன் ஏராளமான உதிரி எலும்புகள். இவை தவிர, கோபன்ஹேகனில் திரவத்தில் இட்டு வைத்திருக்கும் உள்ளுறுப்புகள். அழிந்துபோன ஒரு பறவைக்கு இது குறைவு என்று சொல்ல முடியாது; டோடோ பறவைக்கு ஒரு முழுத் தோல்கூட இல்லை. ஆனால் இந்த 78 தோல்களில் மிகப் பெரும்பாலானவை ஐஸ்லாந்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் பல, தென்மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள எல்டே என்ற ஒற்றைப் பாறைத் தீவிலிருந்து 1830க்கும் 1844க்கும் இடைப்பட்ட காலத்தில் எடுக்கப்பட்டவை. ஏறத்தாழ எல்லாமே கோடைக்கால இறகோடு இருக்கும் முதிர்ந்த பறவைகள். குளிர்காலத் தோற்றத்தில் உள்ளவையும் இளம்பறவைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குஞ்சுக்கு மாதிரியே கிடையாது. அதாவது, கடலின் இரு கரைகளிலும் இலட்சக்கணக்கில் வாழ்ந்த ஓர் இனத்தின் முகமாக நாம் பார்த்துக்கொண்டிருப்பது, அதன் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பாறைக்கு ஒதுங்கிய ஒரு சிறு கூட்டத்தை.

அந்தக் கூட்டம் எல்டேக்கு ஒதுங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் ஐஸ்லாந்தில் இந்தப் பறவைகளின் முக்கிய இடம் கெயிர்ஃபக்லாஸ்கர் என்ற தீவு. சுற்றிலும் நீரோட்டம் மிகக் கடுமையாக இருந்ததால் மனிதர்கள் அரிதாகவே அங்கே இறங்கினார்கள். 1830இல் எரிமலைச் சீற்றத்தில் அந்தத் தீவு கடலுக்குள் அமிழ்ந்தது. தப்பிய பறவைகள் கரைக்கு நெருக்கமான எல்டேயில் குடியேறின. ஐரோப்பாவின் செல்வந்தர்களும் அருங்காட்சியகங்களும் இந்தப் பறவை அரிதாகிவிட்டதை உணர்ந்து விலை கொடுக்கத் தொடங்கிய காலமும் அதுவே. அரிதாக ஆக விலை ஏறியது. விலை ஏற ஏறப் படகுகள் போயின. இன்று கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கும் பறவைகளில் பெரும்பகுதி, இனம் அழிவதைத் தெரிந்துகொண்டே அதற்காகவே வாங்கப்பட்டவை. அருங்காட்சியகங்கள் இந்தப் பறவையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

வணிகப் பொருளாக வந்ததால் நேர்ந்த இன்னொரு இழப்பு விவரச்சீட்டு. ஒரு மாதிரிக்கு அறிவியல் மதிப்பைத் தருவது, அது எந்த இடத்தில், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பே. ஐஸ்லாந்து வணிகரிடமிருந்து கோபன்ஹேகன் அல்லது ஜெர்மன் முகவருக்கும், அவரிடமிருந்து ஒரு பிரபுவுக்கும், அவர் இறந்தபின் ஏலத்துக்கும் போன தோல்களில் அந்தக் குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. விலை ஏறியபோது போலிகளும் வந்தன. ரேசர்பில், கில்லமாட் போன்ற உறவுப் பறவைகளின் இறகுத் தோலை ஒட்டித் தைத்துப் பெரிய உடலின் மேல் போர்த்தினார்கள். மாறாக, வரலாறு துல்லியமாகத் தெரிந்த சில மாதிரிகளும் உண்டு. ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் பாபா வெஸ்ட்ரேயில் 1813இல் கொல்லப்பட்ட ஆண் பறவை, வில்லியம் புல்லக் என்பவரின் தனியார் அருங்காட்சியகத்தில் இருந்து, 1819 ஏலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. 1834இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் அருகே உயிரோடு பிடிபட்ட பறவை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அழகில் இவற்றைவிடச் சிறந்த தோல்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பிரிட்டனையும் அயர்லாந்தையும் சுற்றி இந்தப் பறவை எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு இவை இரண்டும் சொல்லும் சாட்சியத்தை அந்த அழகிய தோல்கள் எவையும் சொல்ல முடியாது.

விலை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1821இல் ஐஸ்லாந்தில் எடுக்கப்பட்டு, டென்மார்க்கின் ராபென் பிரபுவின் சேகரிப்பில் இருந்த ஒரு பறவை 1971இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, ஐஸ்லாந்து மக்கள் பொதுநிதி திரட்டி 9,000 பவுண்டுக்கு அதை வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். தம் கடலில் வாழ்ந்த பறவையின் ஒரு தோலையாவது தம்மிடம் வைத்திருக்க அந்த நாடு அந்நிய ஏலத்துக்குப் போக வேண்டியிருந்தது.

முட்டைகளின் நிலை தோல்களையும்விட மோசம். பேரிக்காய் வடிவில், 12 செ.மீ.க்கும் மேற்பட்ட நீளத்தில், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத கோடுகளும் புள்ளிகளும் கொண்ட இந்த முட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் பெருமைப் பொருள்களாக இருந்தன. விவியன் ஹியூயிட் என்ற ஒருவரிடம் மட்டும் நான்கு பறவைகளும் பதின்மூன்று முட்டைகளும் இருந்தன. பெரும்பாலான முட்டைகளுக்கு இடமும் நாளும் தெரியாது. எந்த அளவுக்குக் கவனிப்பாரற்றுக் கிடந்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பறவையியலாளர் ஆல்ஃபிரட் நியூட்டன் 1861இல் லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அருங்காட்சியகத்தில், ‘பெங்குயின் முட்டைகள்’ என்று எழுதப்பட்ட ஒரு பெட்டியில் பத்து கிரேட் ஆக் முட்டைகளைக் கண்டெடுத்தார். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு மாலுமிகள் பெங்குயின் என்று அழைத்தது இந்தப் பறவையைத்தான். தென்கோளப் பறவைகளுக்கு அந்தப் பெயர் பின்னால் போனது. பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்களும் இதை மறந்தால் தடுமாறுவார்கள்.

தோல்களும் முட்டைகளும் ஐரோப்பியப் பக்கத்தின் சாட்சிகள் என்றால், அமெரிக்கப் பக்கத்தின் சாட்சி எலும்பு. நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே உள்ள ஃபங்க் தீவு, அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய கிரேட் ஆக் குடியிருப்பு. அங்கிருந்த பறவைகள் ஏறத்தாழ 1800க்குள் முற்றிலும் ஒழிந்துவிட்டன. அப்போது அவற்றைப் பாடம் செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னர் 1841இல் நார்வேயைச் சேர்ந்த ஸ்டூவிட்ஸ் அங்கே எலும்புகளைக் கண்டார். 1860களில் உரத்துக்காக மண்ணை வெட்டியபோது, இயற்கையாகவே உலர்ந்து பதமான உடல்கள் கிடைத்தன. அப்படிப்பட்ட ஓர் உடலைக் கொண்டுதான் ஆங்கில உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1865இல் எலும்புக்கூட்டை விரிவாக விளக்கி எழுதினார். 1887இல் அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்காகச் சென்ற ஃபிரெடரிக் லூகாஸ் பெருமளவு எலும்புகளை அள்ளிவந்தார். பல அருங்காட்சியகங்களில் நிற்கும் எலும்புக்கூடுகள் அந்த எலும்புகளால் ஆனவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்து நிறுத்தியவை. ஒரு தனிப் பறவையின் உடல் அளவு விகிதத்தை அவற்றிலிருந்து கணக்கிடப் புகுந்தால் பிழையே மிஞ்சும். இடம் உறுதியாகத் தெரியும், ஆண்டு தெரியாது என்பது இந்த எலும்புகளின் நிலை. ஐஸ்லாந்துத் தோல்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நேர்மாறு; அங்கே காலம் ஓரளவு தெரியும், மற்றது ஊகம்.

இந்த இடைவெளிகளை எழுத்துப் பதிவுகள் ஓரளவு நிரப்புகின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் அதை எழுதியவரின் நோக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1534இல் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியே, ஃபங்க் தீவில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகுகளைப் பறவைகளால் நிரப்பியதாகவும், தின்றதுபோக மீதியைப் பீப்பாய்களில் உப்பிட்டு வைத்ததாகவும் பதிவு செய்தார். 1622இல் எழுதிய ரிச்சர்ட் விட்போர்ன், பலகையைச் சாய்த்து வைத்து நூற்றுக்கணக்கான பறவைகளைப் படகுக்குள் ஓட்டிச்செல்லலாம் என்று விளக்கினார். விட்போர்ன் நியூஃபவுண்ட்லாந்தில் குடியேற்றத்தை ஊக்குவிக்க எழுதியவர். உணவு தானாக நடந்து வரும் என்ற செய்தி அவருக்குப் பயன்பட்டது. எனவே எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எப்படிப் பிடித்தார்கள் என்ற விவரத்தை ஏற்கலாம். 1785இல் ஜார்ஜ் கார்ட்ரைட் தம் நாட்குறிப்பில் எழுதியது வேறு வகை. இறகுக்காக ஆட்கள் கோடை முழுவதும் தீவிலேயே தங்கிப் பறவைகளைக் கொல்வதை விவரித்து, இதை நிறுத்தாவிட்டால் இனம் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று அவர் எச்சரித்தார். வேட்டையையும் பொறி வைப்பதையும் தொழிலாகக் கொண்ட ஒருவரின் எச்சரிக்கை என்பதால் அதன் எடை கூடுகிறது.

பறவையின் வாழ்க்கைமுறையைப் பற்றிய மிகச் சிறந்த சிறு குறிப்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்கு 1697இல் சென்ற மார்ட்டின் மார்ட்டினுடையது. பறவை மே மாதத் தொடக்கத்தில் வந்து ஜூன் நடுவில் போய்விடும், ஒரே முட்டையிடும், அதை எடுத்துவிட்டால் அந்த ஆண்டு மறுபடியும் இடாது என்று தீவுவாசிகளிடம் கேட்டு எழுதினார். கரையில் ஆறேழு வாரங்கள் மட்டுமே தங்கிய பறவை என்ற முடிவுக்கு இன்றும் இந்தக் குறிப்புதான் முக்கிய ஆதாரம். ஓவியம் என்று பார்த்தால், டென்மார்க்கின் மருத்துவர் ஓலே வோர்ம் ஃபாரோ தீவுகளிலிருந்து வந்த பறவையை வீட்டில் வளர்த்தார். 1655இல் வெளியான அவருடைய சேகரிப்பு நூலில் அதன் படம் உண்டு. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்ததாகத் தெரிந்த படம் அது ஒன்றே. அதில் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. வளர்ப்புப் பறவைக்குப் போட்ட கழுத்துப்பட்டையாக இருக்க வேண்டும். தோல்கள் எதுவும் கிடைக்காமல் இந்தப் படம் மட்டும் எஞ்சியிருந்தால், வெண்கழுத்துப் பறவை என்று நாம் எழுதிவைத்திருப்போம்.

இப்போது 1844. ஜூன் மாதத் தொடக்கத்தில், கார்ல் ஸீம்ஸன் என்ற வணிகரின் தூண்டுதலால், வில்ஹ்யால்முர் ஹாகொனார்ஸன் தலைமையில் ஒரு படகு எல்டேக்குப் போனது. யோன் பிராண்ட்ஸன், சிகுர்தூர் ஈஸ்லெஃப்ஸன், கெட்டில் கெட்டில்ஸன் ஆகிய மூவர் பாறையில் ஏறினர். கூட்டமாக இருந்த மற்றக் கடற்பறவைகளுக்கு நடுவே இரண்டு கிரேட் ஆக்குகள் தெரிந்தன. அவை எதிர்க்காமல், ஒலி எழுப்பாமல் பாறையோரமாக ஓடின. முதல் இருவரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக் கொன்றார்கள். இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம், நியூட்டனும் அவருடைய நண்பர் ஜான் வுல்லியும் 1858இல் ஐஸ்லாந்துக்குச் சென்று செய்த வேலை. பறவையைத் தேடித்தான் போனார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கரையில் காத்திருந்தும் கடல் கொந்தளிப்பால் எல்டேயில் கால் வைக்கக்கூட முடியவில்லை. அந்தக் காத்திருப்பில், பழைய வேட்டைகளில் பங்குபெற்றவர்களை ஒவ்வொருவராக விசாரித்து வுல்லி எழுதிய குறிப்பேடுகள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அடுத்த ஆண்டே வுல்லி இறந்துவிட, 1861இல் நியூட்டன் அவற்றின் சாரத்தை வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சொன்ன சாட்சியம்தான்; ஆனாலும் நேரில் செய்தவர்கள் சொன்னது.

எனவே, இணையத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி முட்டையைக் கெட்டில் தன் காலணியால் மிதித்து நசுக்கினார் என்று சொல்வார்கள். நியூட்டன் வெளியிட்ட வாக்குமூலத்தில் அப்படி இல்லை. கெட்டில் பறவைகள் இருந்த இடத்துக்குத் திரும்பிச் சென்றார், எரிமலைப் பாறையின் மேல் ஒரு முட்டை இருந்தது, எடுத்துப் பார்த்தார், உடைந்திருந்ததால் திரும்ப வைத்துவிட்டார் என்றே அதில் உள்ளது. மிதித்த கதைதான் கேட்பதற்கு நாடகத்தன்மை உள்ளது, அதனால் நிலைத்துவிட்டது. பதிவு மூலத்தைப் பார்க்காமல் மறுபதிவை மட்டும் நம்பினால், ஒரு மனிதர் மீது செய்யாத செயல் ஒன்றரை நூற்றாண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொல்லப்பட்ட இரண்டு பறவைகளும் ரெய்க்யாவிக்கில் கைமாறி, தோல் உரிக்கப்பட்டு, உள்ளுறுப்புகள் மட்டும் ஸ்பிரிட்டில் இடப்பட்டுக் கோபன்ஹேகன் சேர்ந்தன. தோல்கள் சந்தையில் கரைந்துபோயின. இவை எவையாக இருக்கக்கூடும் என்பதைக் கிரேட் ஆக் மாதிரிகளின் வரலாற்றை நெடுங்காலம் ஆராய்ந்த எர்ரால் ஃபுல்லர், பழைய விற்பனைக் குறிப்புகளை வைத்து ஐந்து தோல்களாகச் சுருக்கினார்: பிரெமன், பிரஸ்ஸல்ஸ், கீல், ஓல்டன்பர்க், லாஸ் ஏஞ்சலஸ். ஜெசிகா தாமஸும் அவருடைய குழுவினரும் இந்தத் தோல்களிலிருந்தும் குடுவை உறுப்புகளிலிருந்தும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை (தாய்வழியாக மட்டும் வரும் மரபணுப் பகுதி) பிரித்தெடுத்து ஒப்பிட்டு, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். ஆண் பறவையின் உணவுக்குழாயோடு பிரஸ்ஸல்ஸ் தோல் பொருந்தியது. பெண் பறவையின் உறுப்பு ஐந்தில் எதனோடும் பொருந்தவில்லை. முன்பு சொன்ன ஹியூயிட்டின் நான்கு பறவைகள் இங்கே திரும்பவும் வருகின்றன: 1965இல் அவர் இறந்தபின் அவை விற்கப்பட்டபோது, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதும் சின்சினாட்டிக்குப் போனதும் ஒன்றுக்கொன்று அடையாளம் மாறியிருக்கலாம் என்று தெரிந்தது. அதனால் ஆய்வாளர்களின் பார்வை சின்சினாட்டிப் பறவையின் பக்கம் திரும்பியது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது. காட்சிக்கு வைக்க முடியாத, யாரும் விலை பேசாத, வெளிறிய உறுப்புகள் உள்ள குடுவைகள் அந்தச் சந்தைக்குள் போகாததால்தான் அவற்றின் அடையாளம் கலையாமல் நின்றது.

மரபணு ஆய்வு இன்னொரு பெரிய கேள்வியிலும் கை கொடுத்தது. மனிதர்கள் பெருமளவில் கொல்லத் தொடங்குவதற்கு முன்பே தட்பவெப்ப மாற்றத்தால் இந்த இனம் நலிந்துகொண்டிருந்ததா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அதே ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல இடங்களைச் சேர்ந்த, பெரும்பாலும் தொல்லெலும்புகளான 41 பறவைகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, அப்படி நெடுங்கால நலிவு இருந்ததற்கான அடையாளம் தென்படவில்லை. வேட்டை மட்டுமே அழிவுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இங்கே பயன்பட்டவை பகட்டான தோல்களைவிட, குப்பைமேடுகளிலிருந்தும் தீவு மண்ணிலிருந்தும் கிடைத்த எலும்புகளே. மனிதருக்கும் இந்தப் பறவைக்கும் இருந்த உறவு எவ்வளவு பழையது என்பதையும் தொல்லியல்தான் காட்டுகிறது: நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட்டோ ஷுவாவில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிரேட் ஆக் அலகுகள் இருந்தன, மார்சேய் அருகே கடலுக்கடியில் வாயில் கொண்ட கோஸ்கேர் குகையின் சுவரில் இந்தப் பறவையாகக் கருதப்படும் உருவங்கள் உள்ளன. பல்லாயிரம் ஆண்டுகள் உணவாகவும் சடங்குப் பொருளாகவும் இருந்தும் அழியாத இனம், கப்பல்களும் இறகு வணிகமும் வந்தபின் மூன்று நூற்றாண்டுகளில் முடிந்துபோனது.

கடைசியாக, எந்த ஆண்டைக் கடைசி ஆண்டாகக் குறிப்பிடுவது? 1840 வாக்கில் செயின்ட் கில்டா அருகே ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில் ஒரு பறவையைப் பிடித்து, சில நாள் கட்டி வைத்து, புயலைக் கிளப்பும் சூனியக்காரி என்று அஞ்சி அடித்துக் கொன்றதாக ஒரு முதியவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சொன்னார். உடல் எதுவும் எஞ்சவில்லை. நிகழ்ச்சி நடந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆண்டைத் துல்லியமாகக் கொள்ள முடியாது. 1852இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடற்பரப்பில் ஒரு தனிப் பறவை காணப்பட்டதாகப் பதிவு உண்டு, அதையே ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) கடைசிக் காட்சியாக ஏற்கிறது. ஆகவே, பொருள்சான்றோடு நிற்கும் கடைசிப் பறவைகள் 1844, ஏற்றுக்கொள்ளப்பட்ட கடைசிக் காட்சி 1852 என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே சரி. ஒன்றை மட்டும்தான் எழுத இடம் இருக்கிறது என்றால் நான் 1844ஐ எழுதி, ‘உறுதியான கடைசி மாதிரிகள்’ என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்வேன்.